கேட்டறியாத வம்சம்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

நாங்கள் நல்லூரில் ஆண்ட அரசர்களின் வழிவந்தவர்கள் என்பது அப்பாவின் உறுதியான நம்பிக்கை. அதற்கு அவரிடம் இருந்த சான்றுகளை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, பிடி மட்டும் மிஞ்சிய ஒரு வாள். இரண்டு, எங்கள் உரும்பிராய்த் தோட்டக் காணியின் பழைய உறுதிப் பத்திரத்தில் இருந்த ஒரு பெயர். அந்த எழுத்தை வாசிக்கக் கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மூன்று, இந்தக் கேட்காத வழக்கம். முதல் இரண்டும் பெட்டிக்குள் கிடந்தன. மூன்றாவதோடுதான் நாங்கள் தினமும் வாழ வேண்டியிருந்தது.

உப்பு முடிந்தால் உப்பில்லாமல் சாப்பிட்டோம். ஒருமுறை கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டது. அதைக் கொளுவி எடுக்கும் பாதாளக்கரண்டி பக்கத்து வீட்டில் இருந்தது. அப்பா மூன்று நாட்கள் வேலியோரம் போய் நின்று, "வாளி விழுந்து போச்சு" என்று பூவரச மரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மனிசி பொறுக்க முடியாமல் அதைத் தானே கொண்டுவந்து தந்தார். அப்பாவுக்கு அது பெரிய வெற்றி.

"பாத்தியோ பிள்ளை? எங்கடை ஆக்கள் கேக்கிறேல்லை. சனம் கொண்டந்து தரும்" என்றார்.

சனம் கொண்டுவந்து தராத ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் கலியாணம் என்றால் பெண் வீட்டார்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்து யாரும் போகவில்லை. அதனால் அப்பாவின் மாமிமார் இருவரும் கலியாணம் ஆகாமலே இருந்து, அப்படியே இறந்துபோனார்கள். அடுத்தது அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி. அவருக்கு முப்பத்தாறு வயது. என் அம்மா நான் நடக்கத் தொடங்குமுன்பே காலமாகிவிட்டதால் என்னை வளர்த்தவரும் மாமிதான்.

நான் சொல்வது யுத்தத்தால் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம், தொண்ணூற்றிரண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியை முடித்துவிட்டு வீடுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். சீமெந்துக்குத் தடை இருந்தது. நான் வரைந்த வீடுகள் எல்லாம் தாளிலேயே நின்றன. நேரம் நிறைய இருந்ததால் மாமியோடு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போவேன். சீனி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான் அட்டைக்கு அளந்து கொடுப்பார்கள்.

அந்தக் கடையில் மற்றவர்கள் வாங்கும் விதம் வேறு, மாமி வாங்கும் விதம் வேறு. மற்றவர்கள் முறை வருமுன்பே கத்தத் தொடங்குவார்கள். மாமி பேசாமல் முன்னே போய், குடும்ப அட்டையை வைத்து, துவைத்து மடித்த பைகளை அதன் பக்கத்தில் வரிசையாக அடுக்குவார். சீனிப் பை மேலே, அதன் கீழே பருப்புப் பை, கடைசியில் மாப் பை, ஓரத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல். கடை மனேச்சரும் பேசாமல் அந்த வரிசைப்படியே நிறுத்துப் போடுவார். மழை நாளில் நெருப்புப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைத் தட்டிப் பார்த்து, நமுத்திருந்தால் வேறு பெட்டி வைப்பார். மாவின் கட்டிகளை உடைத்துவிட்டுப் போடுவார். எதையும் மாமி கேட்டதில்லை. என்ன வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை. நாலு வருடங்களாக இப்படி நடந்தது. அந்த நாலு வருடங்களில் மனேச்சர் பைகளின் வரிசையில் ஒருநாளும் பிசகியதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

மனேச்சருக்கு நாற்பது வயது. மூன்று தங்கைமாரைக் கட்டிக்கொடுக்கும் வரை தான் கலியாணம் முடிப்பதில்லை என்று இருந்தவர். கடைசித் தங்கைக்கும் முந்திய வருடம் கலியாணம் நடந்துவிட்டது.

வைகாசி மாதத்தில் ஒருநாள், கடையை விட்டு வெளியே வரும்போது பக்கத்து வீட்டு மனிசி எங்கள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"கேள்விப்பட்டனியளே? மனேச்சருக்குக் கொடிகாமத்துக்கு மாற்றமாம். முதலாந் திகதி போறாராம். அங்கை ஒரு பொம்பிளை வீட்டுப் பகுதி மாப்பிள்ளை கேட்டும் வந்திட்டினமாம். தாய்க்கு நல்ல விருப்பமாம்."

மாமி பைகளைக் கைப்பிடியில் கொளுவினார்.

"நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ. ராசாத்தியள் தானே! ராசாவின்ரை பிள்ளையளைப் பறங்கியர் கொண்டுபோய்ச் சாமியாராகவும் கன்னியாஸ்திரியாகவும் ஆக்கிப்போட்டாங்கள் எண்டு என்ரை பெடிச்சியின்ரை சரித்திரப் புத்தகத்திலை கிடக்கு. சாமியாரும் கன்னியாஸ்திரியும் பிள்ளை பெற்று, அதிலையிருந்தோ நீங்கள் வந்தனீங்கள்?"

அவருக்கே தன் பகிடி பிடித்துப்போய்ச் சிரித்தார். மாமி சைக்கிளில் ஏறினார்.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே மாமி சொன்னார்: "அண்ணை, சங்கக்கடை மனேச்சர் கொடிகாமம் போறாராம்."

"போகட்டும். வேறை ஆள் வருவான்."

"அங்கை ஒரு பகுதி கேட்டு வந்திருக்கினமாம்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் கெட்ட மனிதரல்ல, முட்டாளும் அல்ல.

"உவன் நல்லவன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. தாயைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வரட்டும். நான் நாற்காலி போட்டு இருத்திக் கதைக்கிறன். ஆனால் கேட்டுப் போகேலாது. எங்கடை ஆக்கள் கேக்கிறேல்லை."

"ராசாக்கள் வரி கேட்டவை தானே அப்பா?" என்றேன்.

"அது கேக்கிறதில்லை பிள்ளை, எடுக்கிறது."

மாமி சட்டியைக் கீழே வைத்தார். "அப்ப ஒண்டு சொல்லுறன் அண்ணை. பறங்கியர் ராசாவின்ரை பொம்பிளைப் பிள்ளையளை என்ன செய்தவங்களோ, அதைத்தான் நீங்களும் எனக்குச் செய்யிறியள். கழுத்திலை சிலுவை மட்டுந்தான் இல்லை."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

முதலாம் திகதிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. நான் என் படத்தாளின் பின்புறத்தில் வழிகளை எழுதினேன். ஒன்று, கோயில் ஐயரைக் கொண்டு மனேச்சரின் தாயிடம் கதைப்பிப்பது. இரண்டு, தரகர். மூன்று, நான் எழுதும் ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் எடுக்கும், என்ன தடங்கல் வரும் என்றும் பக்கத்தில் குறித்திருந்தேன். எனக்கு அது திருத்தமான வேலையாகப் பட்டது. மாமி முழுவதையும் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"உதிலை நான் எங்கை?"

பார்த்தேன். உண்மைதான். மூன்று வழிகளிலும் மாமி இல்லை.

"நானே கேக்கிறன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேக்கிறதெண்டால் எப்பிடிப் பிள்ளை தொடங்கிறது?" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடங்களில் அவர் வீடு கூட்டத் தும்புக்கட்டை ஒன்று கூட இரவல் கேட்டதில்லை. நீந்தத் தெரியாத ஒருவர் கடற்கரையில் நின்று கேட்பது போல இருந்தது. முதலில் சின்னதாகக் கேட்டுப் பழகுவோம் என்றேன்.

முதல் நாள் உப்பு. மாமி வேலியருகே போய், "ஒரு பிடி உப்புத் தருவியளோ?" என்றார். எங்கள் அடுப்படியில் உப்பு இருந்தது. பக்கத்து வீட்டு மனிசி அப்படியே நின்றார். பிறகு உள்ளே ஓடிப்போய் உப்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன, வீட்டிலை ஏதும் வருத்தமோ?" என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார்.

அடுத்த நாள் ஏணி. ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. வாங்கிச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னேரம் திருப்பிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வீட்டு முன் ஒழுங்கையால் போன முன்பின் தெரியாத ஒருவரை மறித்து, "மணி என்ன தம்பி?" என்று கேட்டார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "லேசுதான்" என்றார்.

மாதக் கடைசிச் சாமான் நாள். கடை வாசலில் அறுபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். மாமி வழக்கமான இடத்தில் அட்டையையும் பைகளையும் அடுக்கினார். மனேச்சர் குனிந்து சீனிப் பையை எடுத்தார்.

"பொறுங்கோ" என்றார் மாமி.

மனேச்சரின் கை நின்றது. நாலு வருடங்களில் மாமி அவரிடம் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"இண்டைக்கு நான் கேட்டுத்தான் எடுக்கப் போறன்."

"கேளுங்கோ."

"சீனி வேணும்."

நிறுத்துப் போட்டார்.

"பருப்பு வேணும்."

போட்டார். பின்னால் பொறுமை போய்விட்டது. "ராசாத்தி, இருட்டுறதுக்கு முன்னம் முடிக்கிற எண்ணம் இருக்கோ?" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு மனிசியின் குரல்தான்.

"மா வேணும். மண்ணெண்ணெய் வேணும்."

எல்லாம் வந்தன. மனேச்சர் போத்தலை மூடி வைத்துவிட்டு, "பேந்து, வேறை என்ன?" என்றார்.

மாமி மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் கொடிகாமம் போறதெண்டால் நானும் வரவேணும். என்னைக் கலியாணம் முடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேட்டு வரமாட்டினம். அதாலை நான் கேக்கிறன்."

தராசுத் தட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மனேச்சர் மாமியைப் பார்க்கவில்லை. எங்கள் குடும்ப அட்டையை எடுத்து விரித்தார். மாமியின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"உதிலை ஒராளைக் குறைக்க வேணும்" என்றார். "கொடிகாமத்திலை புது அட்டை எடுக்கேக்கை இரண்டு பேர் எண்டு பதியலாம். அதுக்குக் கிராமசேவையாளரின்ரை கடிதம் ஒண்டு வேணும். நான் எடுக்கிறன்."

"அட, உது ஓமோ இல்லையோ மனேச்சர்? விளங்கச் சொல்லுங்கோவன்!" என்று பக்கத்து வீட்டு மனிசி கத்தினார்.

"ஓம்" என்றார் மனேச்சர். இப்போது மாமியை நேரே பார்த்தார். "ஓம், ஓம். நாலு வருசமா ஏதாவது கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் என்னால் ஒன்றையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. பின்னால் நின்ற கிழவர் ஒருவர் மட்டும், "அப்ப இண்டைக்கு எல்லாருக்கும் ஒரு கரண்டி சீனி கூடப் போடு தம்பி!" என்றது ஞாபகம். "அளவு அளவுதான் ஐயா" என்றார் மனேச்சர். அடுத்தவரின் அட்டையை வாங்கினார். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

நாங்கள் வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்துவிட்டது. அப்பா வாசல் படலையடியில் நின்றார். என்னைத்தான் கேட்டார்.

"கேட்டவளோ?"

"ஓம் அப்பா."

"சனத்துக்கு முன்னாலையோ? எத்தினை பேர்?"

"அறுபது பேர் வரும்."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஓம் எண்டவர்."

"உடனையோ?"

"அட்டையைப் பாத்துப்போட்டு."

அப்பா படலையைத் திறந்துவிட்டார். பிறகு தோள் நிமிர்ந்தது. "அறுபது பேருக்கு முன்னாலை சொல்லி, அவனும் உடனை ஓம் எண்டவன் எண்டால் அது கேட்டதில்லை. அது கட்டளை."

மாமி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"இல்லை அண்ணை. கேட்டனான். வாய் விட்டுக் கேட்டனான்."

அப்பா உள்ளே போய் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்தார். "தாய்க்காரியைப் பாத்துக் கதைச்சிட்டு வாறன். நாள் வைக்க வேணுமல்லோ" என்று சொல்லிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒழுங்கையால் நடந்தார்.

மாற்றத்தை இரண்டு கிழமை தள்ளிப்போட்டு, ஆனி மாதத்தில் எங்கள் வளவிலேயே தாலி கட்டினார்கள். பெற்றோல் இல்லாத காலம். மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். சங்கக்கடை வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அழைக்காமலே வந்து, தங்கள் கண்ணால் பார்த்த அந்தச் சம்பவத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மனிசி சொன்ன விதத்தில் தானே மாமியைக் கேட்க வைத்தது போல இருந்தது. ஒருவகையில் அது சரிதான் என்று நான் அவரைத் திருத்தவில்லை.

நாலாம் நாள் கொடிகாமம் புறப்பட்டோம். மனேச்சரின் சைக்கிளில் மாமியின் தகரப் பெட்டி. என் சைக்கிளில் சட்டி பானைகள். மாமியின் சைக்கிளில் மாமி மட்டும். கோப்பாய் தாண்டிக் கைதடி வெளிக்கு வந்ததும் சோளகக் காற்று எதிரே அடிக்கத் தொடங்கியது. மனேச்சரின் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"இறங்கி நடப்பமோ?" என்று கேட்டார்.

"நீங்கள் வேணுமெண்டால் நடந்து வாங்கோ" என்றார் மாமி. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இருக்கையை விட்டு எழும்பி நின்று மிதித்தார். எதிரே இருந்த பாலத்தை அவர்தான் முதலில் தாண்டினார். வீதியில் மறிப்பதற்கு ஒரு மாடு கூட இல்லாதபோதும் அவருடைய மணிச் சத்தம் காற்றில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.