மர்ஸூக் துடைத்த ரேடியோ

இலங்கையின் பண்டாரவளையில் மர்ஸூக் நானாவிடம் பழுதுபார்க்கக் கொடுத்த சாமான் எதுவும் அழுக்கோடு திரும்பிவந்ததாகச் சரித்திரமில்லை. ஃபேனோ கிரைண்டரோ, முதலில் துடைப்பார்; கோளாறை அப்புறம்தான் பார்ப்பார். புது மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று மனைவி ஜெனீரா கேலி செய்வாள். அறுபத்தொரு வயது வரைக்கும் அந்தப் பழக்கம் அவருக்கு நல்ல பெயரைத்தான் வாங்கிக்கொடுத்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் பொன்னையா ஒரு வால்வு ரேடியோவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கார்த்திகை மழையில் மலை சரிந்து அவர் குடியிருந்த லயத்து வீடு போயிற்று. ஒன்பது வயது மகள் தனுஜாவும் போனாள். பிள்ளையின் படம், புத்தகப் பை, சட்டை, ஒன்றும் அகப்படவில்லை. இடியாமல் நின்ற ஒரே சுவரில், பலகைத் தட்டில் இந்த ரேடியோ மட்டும் இருந்ததாம்.

"வீட்டுல மிஞ்சுனது இது ஒன்னுதாங்க நானா. பாத்துச் செய்ங்க."

மர்ஸூக் சாக்கைப் பிரித்து ரேடியோவை மேசையில் வைத்தார். இதைப் பாடவைத்துக் கொடுப்பதைத் தவிர அந்த மனிதனுக்குத் தன்னால் வேறென்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

வழக்கம்போல் துடைத்துவிட்டுத்தான் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே ஈரம். இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினார். நேரே கரண்ட் கொடுத்தால் டிரான்ஸ்போமர் வெந்துவிடும் என்று நடுவே ஒரு குண்டு பல்ப்பைப் போட்டுக் கொடுத்தார். பல்ப் பளிச்சென்று எரிந்தது; கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்கிறது, எங்கோ ஷோட். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கரண்டை மாற்றிக்கொடுக்கும் வால்வைப் பிடுங்கியதும் பல்ப் மங்கியது. அதற்கு அடுத்த கண்டென்சர் செத்திருந்தது. புதிது போட்டார். வால்வுகளை மறுபடி செருகியதும் அவை சிவந்தன, சத்தம் மட்டும் இல்லை. வால்யூம் குமிழின் பின்னால் இருக்கும் கம்பிக் காலைத் திருப்புளியால் தொட்டதும் ஸ்பீக்கர் உறுமியது. அப்படியானால் பின்பாதி நலம், கோளாறு முன்பாதியில். நிலையம் பிடிக்கும் வால்வு போயிருந்தது. பழைய செட் ஒன்றைக் குடைந்து அதே வால்வை எடுத்துப் பொருத்தினார். அன்று அந்தியில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நாதஸ்வரம் வந்தது. மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை பொன்னையா வந்தார். ரேடியோ பாடியதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு அதைத் திருப்பி, பெட்டியின் இடதுபக்கப் பலகையைத் தடவினார். அங்கே சந்தனப் பொட்டு ஒன்று இருந்ததே என்று கேட்டார்.

ஆயுத பூசைக்குத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி முதல் ரேடியோ வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார்கள். வருஷா வருஷம் புதிது வைப்பதால் காய்ந்த பழைய பொட்டை யாரும் தேடுவதில்லை. மர்ஸூக் அப்படி எத்தனையோ பொட்டுகளைத் துடைத்திருக்கிறார். இதையும் துடைத்தார்.

"போன பூசைக்குத்தான் மொத மொதல்ல பாப்பா கையில சந்தனத்தக் குடுத்தேன். அது வெரல் ரேகை அப்புடியே பதிஞ்சிருந்துச்சுங்க."

மர்ஸூக் ரேடியோவை நிறுத்திவிட்டு, தானே துடைத்துவிட்டதைச் சொன்னார். பொன்னையா கோபப்படவில்லை, தான் சொல்லாமல் விட்டது தப்பு என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கடைசியில் பொன்னையா, துடைத்த துணி இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மேசையில் மஞ்சள் கறை பிடித்த துணி ஒன்று கிடந்தது. அது வேறு துணி. எடுத்து நீட்டியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார். மர்ஸூக்கின் கை அதை நோக்கிப் போகவும் செய்தது. ஆனால் பிள்ளையின் பெயரால் பொய் சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், கொடியில் வெள்ளை வெளேரென்று காய்ந்த துணியைக் கொண்டுவந்தார்.

"இதுதான் அண்ணே. அன்டைக்கே சவுக்காரம் போட்டுக் கழுவிட்டன்."

பொன்னையா அதை வெளிச்சத்தில் விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பரவாயில்லீங்க. இதக் குடுங்க."

ரேடியோவைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். துணியை மட்டும் கையிலேயே பிடித்தபடி பூனாகலை பஸ்ஸில் ஏறினார்.