காற்றுத் திருடனைப் பிடித்த கதை

எங்கள் வீட்டு மொபெட்டின் பின்சக்கரத்திலிருந்து காற்றைத் திருடியது யார் என்பதை ஒன்பது வயதில் நானே கண்டுபிடித்தேன். ஆளை மாற்றிப் பிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான் அதில் ஒரு சின்னக் குறை.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு எங்கள் ஊர் தோணிரேவில் முறை உண்டு. அதைப் பாடு என்போம், முறை வருகிற நாள் பாட்டு நாள். ஊரில் பிறந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் அந்த முறை வரும். எங்கள் பாட்டு நாளில் கிடைத்த இறாலை நைனா ஐஸ் பெட்டியில் போட்டு, மொபெட்டில் பொன்னேரிக்குக் கொண்டுபோவார். அங்கே இறால் வாங்கும் வேன் எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். போன பாட்டு நாளில் பாதி வழியில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் வேன் போய்விட்டது, இறாலின் தலையும் கறுத்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இனி உன் சரக்கே வேண்டாம் என்று வேன்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்குவதென்று முடிவானது. வாங்கிக் கொடுக்க வந்தவர் மாமா, அத்தையின் கணவர். ஏரியையே பார்க்காத, நெல் விளைகிற ஊர்க்காரர், ஆரம்பாக்கத்தில் லாரி மெக்கானிக். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அவரை யாரும் முழுதாக நம்பவில்லை. படகில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிற மனிதரை எப்படி நம்புவது? பாடு இல்லாதவருக்குப் பாடு உள்ளவர்மேல் பொறாமை இருக்கும் என்று அம்மா வேறு சொல்லி வைத்திருந்தாள்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, நின்றுகொண்டு அடிக்கும் கைப்பம்பு. இரண்டாவது, பேட்டரியில் மாட்டினால் தானாகவே கடகடவென்று அடிக்கும் பெட்டி. மூன்றாவது, காலால் மிதிக்கிற பம்பு, தலையில் ஒரு மீட்டரோடு.

"பெட்டி வேணாம் மச்சான். நடு ரோட்ல பேட்டரிக்கு எங்க போவ? கைப்பம்புல எவ்ளோ காத்து ஏறிச்சின்னு தெரியாது. மீட்டர் வச்சத எடு" என்றார் மாமா.

"மீட்டரு இன்னாத்துக்கு? கட்டவெரலு இல்லியா எனக்கு?" என்றார் நைனா. மீனை அழுத்திப் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடும் விரல் அது.

"மீனு அழுத்துனா உண்மைய சொல்லும். டயரு சொல்லாது மச்சான்."

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மீட்டர் வைத்ததைத்தான் வாங்கினோம்.

அடுத்த பாட்டு நாளுக்கு முந்தின மதியம், மாமா பம்பை மிதித்து முள்ளை முப்பதில் நிறுத்திவிட்டு, எங்கள் தெருவிலேயே இருந்த அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். போகும்போது சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் ஏதோ சூது இருந்ததாக எனக்குப் பட்டது. பம்புக் குழாயை வால்வில் மாட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு! ஒரு கரித்துண்டை எடுத்துவந்து சுவரில் எழுதி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். இருபத்தாறு. மாமா வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டே எப்படியோ காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று உறுதியாகிவிட்டது.

அன்று நான் சாப்பிடவில்லை. கோலி ஆடக் கூப்பிட்டவர்களைத் துரத்திவிட்டேன். சந்தேகம் வரும்போதெல்லாம் குழாயை மாட்டினேன். எனக்குச் சந்தேகம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. மாட்டும்போது ஒரு புஸ், கழற்றும்போது ஒரு புஸ். அது டயர் என்னிடம் முறையிடுகிற சத்தம் என்றுதான் நினைத்தேன். பாவம், அது உண்மையிலேயே என்னைப் பற்றித்தான் முறையிட்டிருக்கிறது.

விடிந்ததும் கடைசியாக ஒரு தடவை. அவசரத்தில் குழாய் கோணலாக மாட்டிக்கொண்டு, புஸ்ஸென்று நெடுநேரம் சீறியது. முள் பதினொன்றில் நின்றது. ஏரியிலிருந்து நைனா கூடை நிறைய இறாலோடு வந்து சேரவும், நான் "திருடன்! திருடன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தவும் சரியாக இருந்தது.

சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். நைனா சப்பையாகிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"எங்க பாட்டு நாளா பாத்து காத்த எறக்கிட்டியா? இதுக்குத்தான் மீட்டரு வாங்கச் சொன்னியா?"

மாமாவின் பார்வை என் கரி படிந்த விரல்களுக்கு வந்தது. அங்கிருந்து சுவருக்குப் போனது. இருபத்தெட்டிலிருந்து பதினொன்று வரை எழுதியிருந்ததை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மாட்டிக்கொண்டவனின் முகம் என்று நினைத்தேன். நைனா ஐஸை உடைக்கத் திரும்பிய நேரம், தோளில் கிடந்த துண்டால் சுவரைப் பரபரவென்று துடைத்தார். சாட்சியை அழிக்கிறார்!

"வால்வு ஊசிய நான்தான் சரியா முறுக்கல மச்சான். என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே பம்பின்மேல் ஏறி மிதிக்க ஆரம்பித்தார்.

"உன் வேலைய நம்பி நான் ரோட்டுல நிக்க முடியாது. ஏறு பின்னாடி. வழியில எறங்கிச்சின்னா நீயே மிதி" என்றார் நைனா.

மாமா ஒரு கையால் ஐஸ் பெட்டியையும் மறு கையால் பம்பையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அன்று வேன் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாட்டு நாளிலும், "எங்க அந்த வால்வுக்காரன்? வரச் சொல்லு" என்று நைனா ஆளனுப்பினார். ஊரில் பிறக்காதவர்களில் எங்கள் பாட்டுச் சரக்கோடு போன முதல் ஆள் அவர்தான். திருட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று பள்ளிக்கூடம் முழுக்க நான்தான் சொல்லித் திரிந்தேன். ஒன்று மட்டும்தான் எனக்குப் புரியவில்லை. தண்டனைக்குப் போகிற மனிதர் எதற்காக விடியும் முன்பே குளித்து, அத்தை தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பாகவே எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்?