பங்குக் கிணறு

எனக்கு அப்ப வாய் கொஞ்சம் கூட. கொழும்பிலை சட்டம் படிக்கிறன் எண்ட திமிர். எண்பதுகளின்ரை நடுப்பகுதி அது. லீவிலை எங்கடை தீவுக்கு, புளியங்கூடலுக்கு வந்தால் ஒரு இடத்திலை இருக்கமாட்டன். ஆரின்ரையாவது வழக்கை இழுத்துவைச்சுக் கதைக்கவேணும்.

அந்தமுறை வழக்கு எங்கடை வீட்டிலேயே கிடைச்சுது. வெங்காயத்துக்கு இறைக்க அப்பா புதுசா மிசின் வாங்கிக் கிணத்திலை பூட்டினார். அது பங்குக் கிணறு. மற்றப் பாதி பக்கத்து வளவு அக்காவுக்கு. "துலாவாலை இறைச்ச கிணறு, மிசின் தாங்காது" எண்டு அக்கா வந்து நிண்டா. நான் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து விரிச்சன். "அரைவாசிப் பங்கு எண்டுதான் கிடக்கு அக்கா. எதாலை இறைக்கிறது எண்டு ஒரு சொல்லும் இல்லை." அக்கா உறுதியை ஒருக்கால் பாத்திட்டுப் போனா. எனக்கெண்டால் வழக்கு வெண்ட புளுகம்!

அடுத்த தவணை, புதுசா வந்த விரிவுரையாளர் காணிச் சட்டத்தைப் பாதியிலை நிப்பாட்டிப்போட்டு, பாடத்திட்டத்திலை இல்லாத ஒண்டைக் கேட்டார். "ஒரு ஊத்து. இரண்டு சொந்தக்காரர். இரண்டுபேரும் சட்டப்படிதான் எடுக்கினம். ஊத்துப் பழுதாப்போச்சு. ஆர் பிழை?" ஒருத்தரும் இல்லை எண்டுது வகுப்பு. "அப்ப நாங்கள் படிக்கிற சட்டத்திலை என்னவோ குறையுது. நாளைக்குக் குடிக்கப்போறவன்ரை பங்கு எந்த உறுதியிலை எழுதியிருக்கு?" எண்டார். மற்றவை கொப்பியிலை எழுதிச்சினம். எனக்கு எங்கடை பங்குக் கிணறும் நான் விரிச்ச உறுதியும் கண்ணுக்கு முன்னாலை வந்துது. சீ, என்ன வேலை பாத்தனான்!

லீவு விட்ட அண்டே ரயிலேறினன். வீட்டுக்குப் போகமுதல் அக்காவின்ரை படலையைத் திறந்தன். கிணத்திலை அவவின்ரை மிசினும் ஓடுது.

"நீர்தானே தம்பி சொன்னனீர். எனக்கும் அரைவாசி கிடக்குத்தானே" எண்டு தேத்தண்ணி தந்தா. ஒரு முறடுதான் குடிச்சன். உப்பு!

எங்கடை தீவிலை நல்லதண்ணி மேலாலை கொஞ்சம்தான். கூட இறைச்சால் கீழாலை உப்புத்தண்ணி ஏறிவரும். அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். படிச்ச எனக்குத்தான் மறந்துபோச்சு.

"நிப்பாட்டுங்கோ அக்கா, இப்பவே நிப்பாட்டினால் திரும்பவும் ஊறும்" எண்டன்.

"உம்மடை அப்பா நிப்பாட்டட்டும், நானும் நிப்பாட்டுறன்."

நேரை போய் அப்பாவின்ரை மிசினை நிப்பாட்டினன். வாய்க்காலிலை தண்ணி நிக்க, வெங்காயப் பாத்திக்குள்ளையிருந்து அப்பா மண்வெட்டியோடை ஓடிவந்தார்.

"நிப்பாட்டச் சொல்லி எந்தச் சட்டத்திலையடா கிடக்கு?"

எனக்குத் தெரிஞ்ச ஒரு சட்டத்திலையும் கிடக்கேல்லை. மிசினை மறிச்சுக்கொண்டு நிண்டன். அப்பா என்னை விலத்திப்போட்டு மிசின்ரை கயித்தைச் சுத்தி இழுத்தார். ஒரே இழுவையிலை மிசின் பிடிச்சு ஓடத் தொடங்கிட்டுது.