நாலாம் எண் கிணறு

எழுபதுகளின் நடுவில், தண்ணீர் பரிசோதிக்கும் அரசு ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பெரிய வேலையெல்லாம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கழிவுநீர் விடுகிற ஓடையை ஒட்டி ஆறு கிணறுகள் இருந்தன. மாதம் ஒருமுறை போய் அவற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரவேண்டும். கழிவு நிலத்துக்குள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் சோதித்து எழுதுவார்கள். பாசஞ்சர் வண்டியில் போய் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, மரப்பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொள்வேன். உள்ளே பாட்டில்கள் உரசுகிற சத்தத்தைக் கேட்டு, வழியில் நிற்பவர்கள் சோடா என்ன விலை என்று கேட்பார்கள்.

விதி எளிமையானதுதான். வாளியை நானே கிணற்றில் இறக்க வேண்டும். அந்தத் தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நானே நிரப்பி, படிவத்தில் 'நேரில் எடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாலாம் எண் கிணறுதான் ஓடைக்கு மிகவும் பக்கம். நெல் பயிரிடும் ஒரு குடும்பத்தின் கொல்லையில் இருந்தது. முதல் நாள் போய் நின்றபோதே வீட்டுக்காரர் விசாரித்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"ஊத்துக்கோட்டைப் பக்கம்."

"ஊர்ல எந்தப் பக்கம்?"

காலனி என்று சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு வீம்பு.

"அப்ப அங்கியே நில்லு. பாட்டில கீழ வச்சிடு. நாங்களே மொண்டு தர்றோம்."

அவர் மனைவி வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நிரப்பிக் கொண்டுவந்து, நான் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி வைத்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் எடுத்துத் துடைத்து, லேபிள் ஒட்டி, 'நேரில் எடுத்தது' என்றே எழுதினேன். உள்ளதை ஆபீஸில் சொன்னால் எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் எனக்கு. இரண்டு வருஷம் இதே கதைதான்.

மற்ற ஐந்து கிணறுகளும் மாதத்துக்கு மாதம் கெட்டுக்கொண்டே வந்தன. ஓடைக்குப் பக்கத்திலேயே இருந்த நாலாம் எண் மட்டும் நல்ல தண்ணீர் என்றே பதிவாயிற்று. பாறை வாகாக இருக்கும், அதனால் கழிவு அந்தப் பக்கம் இறங்கவில்லை என்று ஆபீஸில் பெரியவர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். நானும் நம்பினேன்.

பிறகு அந்த வீட்டுக்காரரின் பயிர் கருகிற்று. கம்பெனி மீது மனு கொடுத்தார். ஓடையில் கழிவு விடுவதை நிறுத்த வேண்டும், கருகிய போகத்துக்கு ஈடு வேண்டும் என்று கேட்டிருந்தார். விசாரணைக்கு என்னையும் பதிவேட்டோடு கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி ஆள் என் பதிவேட்டையே பிரித்து, நாலாம் எண்ணை வரி வரியாகப் படித்தான்.

"அந்தத் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கினு போவுதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது உன் கையெழுத்துதானே? நீயே இறைத்ததுதானே?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இவனைக் கிணற்றைத் தொட விடவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் போதும், பதிவேடு செல்லாமல் போயிருக்கும். அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பொய்யாக எழுதினேன் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. ஆமாம் என்றேன். மனு தள்ளுபடி ஆயிற்று.

அடுத்த மாதம் போனேன். வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அந்த அம்மாள் அழுதுகொண்டே வந்தார்.

"கவர்மெண்டு ஆபீஸுக்குப் போற தண்ணியாச்சே, நாறத் தண்ணிய குடுத்தா மருவாதியா இருக்குமான்னு, குடிக்கிற பானைல இருந்துதான் ஊத்திக் குடுத்துக்கினு இருந்தேன். அத்தப் போய் சோதிப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

குடிக்கிற தண்ணீரை அவர்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த கோயில் கிணற்றிலிருந்து சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக நான் பெட்டியில் கட்டிப் போனது அதைத்தான். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் மேல் வரவே இல்லை. என்மேல்தான் நிறைய வந்தது.

வீட்டுக்காரர் கொல்லைப் படலைத் திறந்து விட்டார். முன்னால் நடந்துபோய், கயிற்றோடு வாளியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். என் கையில் நேராக அவர் எதையும் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"நீயே மொண்டுக்கோப்பா" என்றார்.

இறக்கினேன். மேலே வந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது, மூக்கைச் சுளிக்க வைத்தது. வீட்டில் யாரும் அதைத் தொட்டு மாதக் கணக்காகிறது என்றார். நான் தொட்டால் கெடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பினேன். 'நேரில் எடுத்தது' என்று அந்தக் கிணற்றுக்கு நான் பொய்யில்லாமல் எழுதியது அன்றைக்குத்தான்.