அடியில் கிடந்த இரும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் நானும் என் மனைவியும் ஒரு வார்ப்புப் பட்டறை வைத்திருந்தோம். பழைய அலுமினியத்தை உருக்கிக் கடாய், தோசைக்கல் வார்ப்போம். எங்களுக்கு ஜென்ம விரோதி இரும்பு. அலுமினியம் உருகும் சூட்டில் இரும்பு உருகாது. அடியில் முழுசாகக் கிடக்கும், இடுக்கியால் எடுத்துவிடலாம். சூடு ஏறினாலோ, நேரம் போனாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. அதில் வார்த்த கடாய் கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும்.

ஒருநாள் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் டீ கேனோடு வந்தாள். பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்களுக்கு அந்தக் கேனில் டீ விற்ற அவள் புருஷன் போன ஐப்பசியில் செத்துப்போயிருந்தார். அவளுக்கு வடை சுட ஒரு கடாய் வேண்டும்.

"இதையே உருக்கி ஊத்துங்கண்ணா. வேற அலுமினியம் ஒரு பொட்டு சேக்கக் கூடாது."

இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். எனக்கு எரிச்சல்தான் வரும். உருகின பிறகு எது யாருடையது? ஆனாலும் தலையாட்டினேன்.

உடைந்த ரேடியோவின் காந்தத்தைச் சாமான்மேல் ஓட்டிப் பார்ப்பது என் மனைவியின் வேலை. கேனின் விளிம்புக் கம்பியை உருவினாள், பிடியைக் கழற்றினாள். அடியில் காந்தம் மறுபடி ஒட்டிக்கொண்டது. கரிக்குள் ஓர் இரும்புத் தகடு, ஓட்டையை அடைக்க அடித்து இறுக்கியது. உளிக்கு அசையவில்லை. "எந்தப் புண்ணியவான் அடிச்சானோ" என்று திட்டிக்கொண்டே கேனை அப்படியே உருக்கும் மூசையில் போட்டேன்.

உருகியதும் துழாவினேன். தகடு இடுக்கியில் சிக்காமல் வழுக்கியது. எனக்குக் கெட்ட கோபம் வந்தது.

"ஏங்க, காத்தைக் கம்மி பண்ணுங்க! சூடு ஜாஸ்தி ஆவுது, கரைஞ்சிடப் போவுது. இத வுட்டா அவளுக்கு வேற கேன் இல்ல" என்று கத்தினாள் மனைவி.

உலைக்கு ஊதும் காற்றை நிறுத்திவிட்டு மறுபடி துழாவிப் பிடித்தேன். கறுத்துப்போய் வெளியே வந்ததைக் கசட்டுக் குவியலில் வீசினேன். கடாய் நன்றாகவே அமைந்தது.

பௌர்ணமிக்கு முதல்நாள் வந்தவள் கடாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அடியில ஒரு தகடு இருந்துச்சேண்ணா?"

"அது இரும்பும்மா, ஆவாது. எடுத்துப் போட்டுட்டோம்."

"கேனு கடையில வாங்குனது. அந்தத் தகடுதான் அவரு கையால அடிச்சது."

மூன்று பேரும் உட்கார்ந்து கசட்டைக் கிளறினோம். கிடைத்த தகட்டை அந்தப் பெண் தண்ணீரில் அலம்பி, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

கடாய் தரையிலேயே இருந்தது. என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் அவள் பின்னால் ஓடினாள்.