கரைக்குக் கீழே மகள் வீடு

கார்த்திகை மாதம், சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் பேருந்து ஏறினேன். கையில் ஒரு பை, பை நிறைய மாற்று வேட்டிகள், மனம் நிறையப் பயம்.

என் மகள் மலர்விழி வாழ்க்கைப்பட்டது சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். ஊர்ப் பெயரை எழுதினால் மனை விலை இறங்கிவிடும் என்று மருமகன் பாண்டியராஜன் கெஞ்சியதால் எழுதவில்லை. அங்கே ஒரு பழைய மண் அணை இருக்கிறது. ஊரார் 'டேம்' என்கிறார்கள். அதன் கரைக்கு நேர் கீழே இருவரும் போன வருடம் வீடு கட்டிக் குடியேறினார்கள். கரை கசிகிறது என்று மகள் தொலைபேசியில் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வேறு வீடு பார்க்கச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

மதுரை ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்து. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. தேனியிலிருந்து சின்னமனூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சனிக்கிழமை, குச்சனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டம். நின்றுகொண்டே போனேன். எள் விளக்குப் பொட்டலத்தோடு நின்ற ஒரு அம்மா, "சனீஸ்வரனுக்கா வந்தீக?" என்று கேட்டார். மகள் வீட்டுக்கு என்றேன். "அப்ப மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்கீக?" என்றார்.

சின்னமனூரில் ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு இறங்கினார். மாலை நாலரைக்கு வீடு. காப்பியைக் குடித்த கையோடு கரைமேல் ஏறிவிட்டேன்.

நான் காவிரிக் கடைமடை விவசாயி. தண்ணீர் எங்களுக்கு வந்தால் வரவு, வராவிட்டால் தலைவிதி. கண்ணுக்கெட்டிய தூரம் தளும்பி நின்ற நீரைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது. திரும்பினால் கீழே மகள் வீட்டு மொட்டைமாடி. குவிந்த கை விலகிவிட்டது. கரையில் வேம்பும் கருவேலும் வேர்விட்டிருந்தன. எலி வளைகள் வேறு.

கரையின் அடியில் ஊற்றுப்போல நீர் கசிந்து ஒரு சின்னக் குட்டையில் நின்றது. "இது நான் பொறந்ததுலருந்து கசியுது மாமா. பயப்படாதீக. கண்ணாடி கணக்கா வரும்" என்றார் பாண்டியராஜன். உண்மைதான், அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது.

ஞாயிறு காலை எட்டு மணி. மூன்று பேருந்து மாறியும் கசங்காத என் வெள்ளை வேட்டியை மகள் இருட்டோடு அந்தக் குட்டையில் அலசிக் கொடியில் போட்டிருந்தாள். அது காவி கட்டியிருந்தது.

"சாமியாராப் போகச் சொல்றியா?" என்று கத்தினேன். வேட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் முன்கோபி.

"நல்லாத்தாம்ப்பா அலசினேன்" என்றாள். பாண்டியராஜன் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. குட்டைக்கு ஓடினார். நானும் ஓடினேன். ஊற்று செம்மண் கரைசலாக வந்துகொண்டிருந்தது. கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு போகிறது; விட்டால் கரை உடையும்.

அரை மணியில் ஊரே திரண்டது. கரைக்குக் கீழே இருந்த வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். இளவட்டங்கள் சாக்கில் களிமண் கட்டிவந்து ஓட்டையை அடைக்க ஆரம்பித்தார்கள். நானும் ஒரு சாக்குக்குக் கை கொடுத்தேன். பாசனப் பொறியாளர், முப்பது வயதுப் பெண், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"அடைக்காதீங்க! இங்க அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கிட்டு வரும். தண்ணி போகட்டும், மண்ணுதான் போகக் கூடாது."

சாக்குகளை இழுத்துப் போட்டோம். ஊற்றின் மேல் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்பச் சொன்னார். யாரோ வீடு கட்ட இறக்கியிருந்த ஜல்லி, கேட்காமலே டிராக்டரில் வந்தது.

"இது மட்டும் பத்தாது. டேம்ல தண்ணிய இறக்கணும்" என்றார் பொறியாளர்.

கூட்டம் மொத்தமும் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த நீரை நம்பித்தான் கீழே வயல்களில் நாற்று நின்றது. மதகின் திருகுக் கைப்பிடி, பாசனக்காரர்களுக்குத் தலைவரான தங்கப்பாண்டியிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். அவருடைய நாற்றும் பறிக்கும் பக்குவத்தில் நின்றது.

"பாதி இறக்குனாப் போதாதா?" என்றார்.

"ஊத்து தெளியிற வரைக்கும் இறக்கணுங்க. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

எங்கள் பக்கம் ஒரு மடை நீருக்கு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்றால் நான் என்ன செய்ய முடியும்? தங்கப்பாண்டி நீரைப் பார்த்தார், கீழே இருந்த வீடுகளைப் பார்த்தார். "ஏலே, வாங்கடா, கூடப் பிடிங்க" என்று கைப்பிடியை மாட்டினார். துருவேறிய திருகு முனகிக்கொண்டு திரும்பியது. நீர் ஓடையில் பாய்ந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

திங்கள் மதியம் ஊற்று தெளிந்தது. பொறியாளர் ஒரு டம்ளரில் பிடித்து வெயிலில் காட்டினார். கோடையில் கரையை வெட்டிச் சரிசெய்யும்வரை பாதிக்குமேல் நீர் தேக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கிளம்புமுன் தங்கப்பாண்டியைத் தேடிப் போனேன். நடத் தண்ணீர் இல்லையென்று நாற்றங்காலில் மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். பச்சை நாற்றை அவை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. நெல்லை வளர்த்தவனால் அதைப் பார்க்க முடியாது. நான் கைகூப்பினேன்.

"எதுக்குங்கய்யா கும்புடுறீக? ஒரு போகம் போச்சு, அம்புட்டுத்தான்" என்றார். பிறகு, "ஒங்க மக அங்கனயே இருக்கட்டும். வேற வீடு பாக்கச் சொல்ல வந்தீகளாம்ல? மருமகன் சொன்னாக" என்றார்.

அதை நான் மகளிடம் சொல்லவே இல்லை; மருமகன் என் முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்கிறார். இனிச் சொல்லவும் மாட்டேன். பயம் போய்விடவில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருக்கும் வீட்டை விட்டு வேறெங்கே போகச் சொல்வது?

வீரபாண்டிப் பாலத்தில் பேருந்து மெதுவானது. கீழே முல்லையாறு கலங்கலாக ஓடியது. அதில் அந்த டேம் தண்ணீர் எவ்வளவோ, தெரியாது.

"மலையில நல்ல மழை போலருக்கு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"மழை மட்டும் இல்லைங்க. தங்கப்பாண்டின்னு ஒருத்தர் வீட்டு நெல்லும் போகுது" என்றேன்.