சந்தனம் வைத்த ஆணி

போன வாரம் வரை என் மேசை டிராயரில் ஓர் அலுமினிய ஆணி கிடந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். தலையில் வைத்த சந்தனம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இன்னும் மணக்கிறதா என்று நான்தான் எடுத்து எடுத்து மோந்து பார்ப்பேன். புத்தி கெட்ட வேலை.

அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். அம்மாபேட்டையில் தறி போட்டவர். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றதும், சேலத்துக்கு வெளியே பொட்டலில் எழும்பியிருந்த விமானப் பழுதுக் கொட்டகையில் இருவரும் சேர்ந்தோம். தகட்டின் வெளிப்பக்கம் நின்று அவர் ஆணி அடிப்பார். உள்பக்கம் நான் இரும்புக் கட்டையை அண்டக் கொடுப்பேன். ஆணியின் நுனி அதில் மோதி நசுங்கி, விளிம்பாக விரிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். இழை அறுவதைக் கேட்டே பழகிய காது அவருக்கு. ஆணி சரியாக உட்கார்ந்ததா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்த ஆணி வெறும் அலுமினியம் அல்ல, செம்பு கலந்தது. உலையில் காய்ச்சித் தண்ணீரில் போட்டதும் மெத்தென்று இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். விட்டால், கரைந்திருந்த செம்பு உள்ளுக்குள் பிரிந்து பொடிப்பொடியாகத் திரளும், பாகு ஆற ஆறச் சர்க்கரை பூக்கிற மாதிரி. ஆணி தானாகவே இறுகிப்போகும். இறுகியதை அடித்தால் விளிம்பு விண்டுவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தால் அந்தத் திரட்சி நடக்காது. இறுகிவிட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது, மறுபடி உலையில் காய்ச்சினால் போதும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சுத்தியலோடு சேர்த்து, ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தட்டு ஆணியையும் எடுத்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடமாட்டோம். ஒரு முழு நாள் அது புழுக்கத்தில் இருந்தது. விஜயதசமி காலையில் தட்டை உலைக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. உலைவாய் வரைக்கும் போனேன். அம்மன் முன்னால் இருந்ததை நெருப்பில் கொட்டக் கை வரவில்லை. ஓர் ஆணியை மடியில் முடிந்துகொண்டு, மற்றவற்றைத் துடைத்து ஐஸ் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு வால்பகுதியில் ஒட்டுத் தகடு. மூன்று ஆணி அடித்ததும் மாமா நிறுத்தினார்.

“மாப்ளே, சத்தம் வேற மாதிரி கேக்குது. எப்பக் காய்ச்சுனது இது?”

“இன்னைக்குக் காலையிலதானுங்க மாமா.”

“நீ சொன்னாச் சரி சாமி,” என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தார். என்னைச் சந்தேகப்படத் தோன்றாமல் தன் காதைச் சந்தேகப்பட்டார் மனுஷன். விண்ட விளிம்பெல்லாம் என் பக்கத்தில்தான் இருந்தது. மயிரிழை மாதிரி இரண்டு மூன்று கீறல்களைப் பார்த்தேன். பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சோதிக்க வந்த அதிகாரி வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆணி அடித்தவன் முதல் பறப்பில் கூடப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். நான்காம் நாள் மாமா ஏறினார். “மேல இருந்து நம்ம ஊடு தெரியுதான்னு பாத்துட்டு வாரேன், உங்கக்கா கேட்டா,” என்றார். நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் அம்பலமாகும் என்று பயந்தேன். வால்தகடு பிய்ந்துகொண்டதை நாங்கள் எல்லோரும் கீழே நின்று பார்த்தோம். விமானம் சோளக்காட்டில் விழுந்தது. அடையாளம் சொல்ல என்னைத்தான் அழைத்துப்போனார்கள்.

அக்கா அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். “அவரு காது தப்பவே தப்பாதே, அன்னைக்கு மட்டும் எப்படிடா தப்புச்சு?” என்று இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். தெரியலக்கா என்பேன்.

போன வாரம் டிராயரைத் துடைத்தவள் ஆணியைக் கையில் எடுத்தாள்.

“என்னடா இது?”

“கொட்டகையில பூஜைக்கு வெச்சதுக்கா.”

“அவரு அடிக்கிற ஆணியா?”

ஆமாம் என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். இப்போது தினமும் அதற்குச் சந்தனம் வைக்கிறாள்.